பத்து வருட இடைவெளிக்குப் பின் நிரலெழுதத் திரும்பியவர்: பயிற்சிகளைத் தேர்ந்தெடுத்த விதம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இதில் வருபவர் ஆறேழு வருடம் ஜாவா என்ற நிரல் மொழியில் எழுதியவர். அவர் கடைசியாக முழுநேரமும் எழுதியது அதன் ஆறாம் பதிப்பான ஜாவா 6-இல். 2011-இல் ஜாவா 7 வந்தபோது அவருடைய டீம் அதற்கு மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அதற்குள் அவர் டீம் லீட் ஆனார், அப்புறம் மேனேஜர் ஆனார். நிரல் எழுதுவது முதலில் நின்றது. பிறர் எழுதியதைப் படிப்பதும் ஓரிரு வருடத்தில் நின்றுபோனது. பத்து வருடத்துக்கும் மேல் அவர் பார்த்ததெல்லாம் திட்ட அட்டவணைகளும் நிலை அறிக்கைகளும்தான்.

மறுபடி டெவலப்பராக வேண்டும் என்று அவரே கேட்டார். நிர்வாகம் ஒத்துக்கொண்டது. ஏறக்குறைய மூன்று மாத அவகாசமும், அந்தக் காலத்தில் தினமும் பாதி நாள் பயிற்சிக்கு என்ற ஏற்பாடும் கிடைத்தன. அவர் சேரவிருந்த டீமில் நான் மூத்த டெவலப்பர், வழிகாட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. எங்கள் டீம் வேலை செய்வது ஜாவா 21-இல்.

இரண்டுக்கும் நடுவே அந்த மொழியில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2014-இல் ஜாவா 8 வந்து லாம்டாவையும் (பெயரில்லாத சிறு செயல்கூறு) ஸ்ட்ரீமையும் (தரவைத் தொடராகச் செயலாக்கும் வழி) புதிய தேதி-நேர நூலகத்தையும் கொண்டுவந்தது. 2018-இல் ஜாவா 10, மாறியின் வகையை எழுதாமலே அறிவிக்க உதவும் 'வார்' என்ற சுருக்க அறிவிப்பைச் சேர்த்தது. 2021-இல் ஜாவா 16, தரவை வைத்திருப்பதற்கான 'ரெக்கார்ட்' வகையை நிலைப்படுத்தியது. சோதனை எழுதப் பயன்படும் ஜேயூனிட் 2017-இல் ஐந்தாம் பதிப்புக்கு மாறியது. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்க அவர் பழகியிருந்த எஸ்விஎன் என்ற கருவியின் இடத்தை கிட் பிடித்துக்கொண்டது. ஆக, கற்றதில் கொஞ்சம் மறந்திருந்தது, மறக்காததில் கொஞ்சம் காலாவதியாகியிருந்தது. இவை இரண்டும் வேறு வேறு சிக்கல்கள், ஒரே வகைப் பயிற்சியால் தீராதவை. இது தெளிவாகப் புரியவே எங்களுக்குச் சில வாரங்கள் பிடித்தன.

நான் சேர்வதற்கு முன்

என்னிடம் வருவதற்கு முன்பே அவர் சில வாரம் தனியாக முயன்றிருந்தார். வேலை நேர்காணலுக்குத் தயாராகிறவர்கள் போகும் புதிர்த் தளம் ஒன்றில் பதிந்து, நடுத்தரக் கடினம் என்று குறிக்கப்பட்ட கணக்குகளை எடுத்திருக்கிறார். பெரும்பாலானவை டைனமிக் புரோகிராமிங் (கணக்கைச் சிறு கணக்குகளாக உடைத்து விடைகளைச் சேமித்துத் தீர்ப்பது), கிராஃப் (புள்ளிகளும் இணைப்புகளும் கொண்ட வலை) சார்ந்தவை. அரை மணி நேரம் போராடுவது, விடையைத் திறந்து பார்ப்பது, 'ஓ, இவ்வளவுதானா' என்று மூடுவது, மறுநாள் அதே மாதிரியான இன்னொன்றில் மறுபடி திணறுவது என்றே போயிருக்கிறது. முதல் சந்திப்பில் அவர் சொன்னது: "மூளை பழையபடி ஓடவில்லை."

எனக்கு அது சரியான முடிவாகப் படவில்லை. அவர் நன்றாக வேலை செய்த காலத்தில்கூட டைனமிக் புரோகிராமிங் எழுதியதில்லை. ரிப்போர்ட், கணக்குச் சரிபார்ப்பு, கோப்பிலிருந்து தரவை எடுத்து டேட்டாபேஸில் சேர்ப்பது, இவைதான் அவருடைய வேலை. தன்னிடம் என்றுமே இல்லாத ஒரு திறனைச் சோதித்துப் பார்த்துவிட்டு, இருந்தது போய்விட்டது என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் இருந்தது. அந்த வகைத் தளங்களில் உலாவிக்குள்ளேயே ஒரு மெத்தடை (நிரலின் ஒரு செயல்கூறு) மட்டும் நிரப்பிப் பொத்தானை அழுத்தினால் போதும். புராஜெக்ட் அமைப்பது, கோப்பைத் திறப்பது, டெஸ்ட் (நிரல் சரியா என்று சோதிக்கும் சிறு நிரல்) எழுதுவது, டிபக்கர் என்ற பிழை தேடும் கருவியில் நிறுத்திப் பார்ப்பது எதுவும் அங்கே வராது. நேர்காணலுக்கு அது போதும். ஆனால் அவருக்கு மங்கியிருந்ததில் பெரும்பகுதி அந்தப் பொத்தானுக்கு வெளியே இருந்தது.

என்ன மங்கியிருக்கிறது என்று பார்த்தது

பயிற்சி தேடுவதற்கு முன் ஒரு பிற்பகலை ஒதுக்கி மூன்று சின்ன வேலைகள் கொடுத்தேன். ஒரு உரைக்கோப்பைப் படித்து அதிகம் வரும் சொற்களைப் பட்டியலிட வேண்டும். ஏற்கெனவே எழுதிய, ஒரு பிழை உள்ள சிறிய நிரலைச் சரிசெய்ய வேண்டும். அந்தப் பிழை மறுபடி வராமலிருக்க ஒரு டெஸ்ட் எழுத வேண்டும். இணையத்தில் தேடலாம், நேரக் கட்டுப்பாடு இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு மட்டும் எடுத்தேன்.

முதல் வேலையில் வழிமுறை அவருக்கு உடனே வந்தது. ஹாஷ்மேப் (ஒவ்வொரு சாவிக்கும் ஒரு மதிப்பைச் சேர்த்து வைக்கும் அமைப்பு) வேண்டும், சொல்லைச் சாவியாக வைக்க வேண்டும், எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்று வாயால் சொல்லிவிட்டார். எழுதும்போதுதான் நின்றார். கோப்பை எதைக்கொண்டு திறப்பது, மேப்பை மதிப்பின்படி வரிசைப்படுத்துவது எப்படி, எக்ஸெப்ஷனை (ஓடும்போது எழும் பிழை) எங்கே பிடிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் கை தேடியது. யோசனை முன்னால் ஓட, விரல் பின்னால் வந்தது.

இரண்டாவது வேலையில் கண்டதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நிரல் விழுந்ததும் திரையில் வந்த ஸ்டாக் டிரேஸின் (பிழை எந்த வழியாக வந்தது என்ற பட்டியல்) முதல் வரியை மட்டும் படித்தார். கீழே, உண்மையான காரணத்தைச் சொல்லும் 'காஸ்ட் பை' வரி வரை கண் போகவில்லை. சந்தேகப்பட்ட இடத்தில் ஏதோ ஒன்றை மாற்றி ஓட்டினார், தீரவில்லை, இன்னொன்றை மாற்றி ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் முதலில் என்ன மாற்றினோம் என்பதே மறந்துவிட்டது. பிழையை ஒரு மூலைக்குத் தள்ளி மாட்டவைக்கும் பொறுமை நிரலாளரிடம் பழக்கமாக ஊறியிருக்க வேண்டும். அவரிடம் அது முன்பு இருந்ததாக அவருடன் அந்தக் காலத்தில் வேலை செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றாவது வேலையை அவர் தொடவில்லை. அவர் இருந்த பழைய டீமில் டெஸ்ட் எழுதுவது தனிக்குழுவின் வேலை. ஆக இது மறந்தது அல்ல, புதிதாகக் கற்க வேண்டியது.

பயிற்சிகளைத் தேடியது

கொட்டிக் கிடக்கும் பயிற்சிகளில் எதை ஒதுக்குவது என்பதே எங்கள் கேள்வியாக இருந்தது. மூன்று நிபந்தனைகள் வைத்துக்கொண்டோம். பயிற்சி சொந்தக் கணினியில், சொந்த எடிட்டரில் ஓட வேண்டும். சரியா தவறா என்பதை நான் சொல்லாமலே அவருக்குத் தெரிய வேண்டும். கணக்கைப் புரிந்துகொள்வதே பெரிய வேலையாக இருக்கக் கூடாது.

மூன்றாவது நிபந்தனையால் முதலில் விலகியது ப்ராஜெக்ட் ஆய்லர். 2001-இல் தொடங்கிய அருமையான கணக்குத் தொகுப்பு அது. முதல் கணக்கு எவருக்கும் எளிது: ஆயிரத்துக்குக் குறைவான எண்களில் 3-ஆலோ 5-ஆலோ வகுபடுபவற்றின் கூட்டுத்தொகை. ஆனால் போகப் போக எண்கணிதம் தெரிந்தவருக்கே வழி திறக்கும். கணிதத்தை ரசிப்பவர் தாராளமாக எடுக்கலாம், இவர் அந்த வகை இல்லை. இருந்தாலும் முதல் சில கணக்குகளைச் செய்யச் சொன்னேன். மூன்றாவது கணக்கில் 600851475143 என்ற எண்ணின் மிகப்பெரிய பகாக் காரணியைக் கேட்பார்கள். ஜாவாவின் சாதாரண முழு எண் வகையான 'இன்ட்' 2147483647 வரைதான் தாங்கும், எனவே அந்த எண்ணை அப்படியே எழுதினால் நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே மறுத்துவிடும். பெரிய எண்களுக்கு 'லாங்' என்ற வகை இருப்பது அவருக்கு அன்றைக்குத்தான் நினைவுக்கு வந்தது.

முதல் கட்டத்துக்கு எக்ஸர்சிசத்தை எடுத்தோம். 2013 முதல் இருக்கும் இலவசத் தளம், எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் பயிற்சிகள் உண்டு. ஒவ்வொரு பயிற்சியோடும் டெஸ்ட் கோப்பு கூடவே வரும். கட்டளை வரியில் இறக்கி, நம் எடிட்டரில் எழுதி, டெஸ்டை ஓட்டி, தேறிய பின் அனுப்பலாம். முடித்தபின் பிறர் எழுதிய தீர்வுகளையும் பார்க்க முடியும். டெஸ்ட் எழுதியே பழகாதவருக்கு, நன்றாக எழுதப்பட்ட டெஸ்டுகளைத் தினமும் படிக்க நேர்வது ஒரு மறைமுகப் பாடம் என்றும் கணக்குப் போட்டேன்.

இரண்டாம் கட்டத்துக்கு அட்வென்ட் ஆஃப் கோடின் பழைய வருடப் புதிர்கள். 2015 முதல் ஒவ்வொரு டிசம்பரும் வருகிறது. 2024 வரை வருடத்துக்கு 25 நாள் புதிர்கள், 2025-இல் 12 ஆகக் குறைத்துவிட்டார்கள். நாளுக்கு இரண்டு பகுதி, முதலாவதன் விடை சரியாக இருந்தால்தான் இரண்டாவது திறக்கும். நிரலை அனுப்ப வேண்டியதில்லை, விடையை மட்டும் இட்டால் போதும். சிறிய எடுத்துக்காட்டுத் தரவு கேள்வியிலேயே இருக்கும், பெரிய தரவைக் கோப்பாக எடுத்து நாமே படிக்க வேண்டும். அவருடைய பழைய வேலைக்கு மிக அருகில் வந்தது இந்த அமைப்புதான்.

கோட்வார்ஸ் என்ற பயிற்சித் தளத்தையும் பார்த்தோம். அதில் குறையொன்றும் இல்லை. உலாவிக்குள் எழுதுவது என்பதால் முதல் நிபந்தனைக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

முதல் கட்டம்: சின்னப் பயிற்சிகள்

தொடக்கம் லீப் வருடப் பயிற்சி. 1900 லீப் வருடம் அல்ல, 2000 லீப் வருடம் என்பதில் சறுக்காமல் ஒரே வரியில் எழுதிவிட்டார். முகம் கொஞ்சம் தெளிந்தது. இப்படி எளிதான சிலவற்றை வேண்டுமென்றே முன்னால் வைத்திருந்தேன்.

நான்கைந்து பயிற்சி தாண்டி கிகாசெகண்ட் வந்தது. ஒருவர் பிறந்த நேரத்தோடு நூறு கோடி விநாடியைக் கூட்டினால் என்ன நேரம் வரும் என்பது கேள்வி, ஏறக்குறைய முப்பத்திரண்டு வருடம் தள்ளி வரும். புதிய நூலகத்தின் லோக்கல்-டேட்-டைம் வகையில் விநாடியைக் கூட்டும் மெத்தடைக் கண்டுபிடித்து அழைத்தார். ஆனால் டெஸ்ட் தோற்றது. மதிப்பு மாறவே இல்லை. மெத்தடில் பிழை இருக்குமோ என்றுகூடச் சந்தேகப்பட்டார்.

காரணம் அவருடைய பழைய அறிவுதான். ஜாவா 6-இன் காலண்டர் வகையில் 'ஆட்' என்று அழைத்தால் அந்தப் பொருளே (ஆப்ஜெக்ட்) மாறிவிடும். புதிய நூலகத்தில் பொருள் மாறாது, கூட்டிய மதிப்பு புதிய பொருளாகத் திரும்பி வரும், அதை நாம்தான் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஜாவாவைப் புதிதாகப் படிக்கிறவர் ஆவணத்தைப் படித்தபடி எழுதுவார். திரும்பி வருபவர் கை பழகிய விதத்தில் எழுதுவார். அன்றிலிருந்து 'முன்பு எப்படி, இப்போது எப்படி' என்று இரண்டு பத்தி வைத்து ஒரு குறிப்பேடு தொடங்கினார். நான் சொல்லித் தொடங்கியதல்ல. பின்னால் எங்கள் டீமிலேயே அதை நகலெடுத்து வைத்துக்கொண்டார்கள்.

இதே கட்டத்தில் நான் சேர்த்த ஒரு பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவருடைய பிழை தேடும் பழக்கம் திரும்பியது இதில்தான்.

இரண்டு உரைக்கோப்புகளை எடுத்து, ஒவ்வொரு சொல்லும் இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் வருகிறதா என்று பார்க்கும் நிரல். இரண்டு மேப் கட்டி, எண்ணிக்கைகளை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டார். சின்னக் கோப்புகளில் சரியாக ஓடியது. பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்து, அதையும் அதன் நகலையும் கொடுத்துப் பார்த்தால் இரண்டும் வேறு என்றது.

பழையபடி அங்கே இங்கே மாற்றத் தொடங்கினார். நான் ஒரு விதி மட்டும் போட்டேன்: ஒவ்வொரு முறை ஓட்டுவதற்கு முன்னும், எது காரணம் என்று நினைக்கிறார், ஓட்டினால் என்ன தெரியவரும் என்பதை ஒரு வரியில் எழுத வேண்டும். முதல் ஊகம், கோப்பின் கடைசி வரி விட்டுப்போகிறது. ஓட்டிப் பார்த்தார், இல்லை. இரண்டாவது, எழுத்துக் குறியாக்கம். அதுவும் இல்லை. மூன்றாவது முறை ஊகம் எதுவும் எழுத வரவில்லை. அப்போது, "வேறு என்று சொல்லும் சொற்களை மட்டும் அச்சடித்துப் பார்க்கிறேன்" என்றார். பட்டியலை எண்ணிக்கையோடு வரிசைப்படுத்தினார். பட்டியலில் மிகச் சிறிய எண்ணிக்கை 128. அதற்குக் கீழே ஒரு சொல்கூட இல்லை.

128 என்ற எண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேப்பில் இருப்பது வெறும் எண் அல்ல, 'இன்டிஜர்' என்ற பொருள். -128 முதல் 127 வரையான மதிப்புகளுக்கு ஜாவா ஒரே பொருளைத் திரும்பத் திரும்பத் தரும், அதைத் தாண்டினால் வழக்கமாகத் தனித்தனிப் பொருள். இரட்டைச் சமக்குறி பார்ப்பது இரண்டும் ஒரே பொருளா என்பதை, மதிப்பை அல்ல. 'ஈக்வல்ஸ்' என்று மாற்றியதும் தீர்ந்தது. இது ஜாவா 6-லும் இப்படித்தான். அவருக்கு ஒரு காலத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். நான் சொல்லிக் கொடுத்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும், அதே ஒரு நிமிடத்தில் மறந்தும் போயிருக்கும்.

ஒரு வரி ஊகம் எழுதும் விதியை அதற்குப் பிறகு அவர் விடவே இல்லை.

டெஸ்ட் பச்சையான பிறகு

ஒரு மாதம் ஆகும்போது வேகம் கூடியிருந்தது, ஆனால் கற்றது நிற்கிறதா என்று சந்தேகம் வந்தது. மேப்பை மதிப்பின்படி வரிசைப்படுத்துவதை இரண்டாவது வாரத்தில் செய்தவர், நான்காவது வாரத்தில் மறுபடி தேடிப் பார்த்தார். டெஸ்ட் தேறியதும், அதாவது திரையில் பச்சை காட்டியதும், அடுத்த பயிற்சிக்குத் தாவியதுதான் காரணம் என்று தோன்றியது.

அதனால் ஒரு மாற்றம் செய்தோம். முடித்த பயிற்சியை ஒரு வாரம் கழித்து, பழைய விடையைப் பார்க்காமல், வெற்றுக் கோப்பிலிருந்து மறுபடி எழுத வேண்டும். மறுபடி படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது நாள்பட நிற்கும் என்பதை உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்து வைத்ததில் பின்தங்கினார்கள். அவருக்கு இது பிடிக்கவில்லை. தெரிந்ததையே எழுதச் சொன்னால் சலிப்புத்தானே. முதல் சில முறை நடுவில் மாட்டிக்கொண்டபோது, அது அவ்வளவு தெரிந்ததாக இல்லை என்பதை அவரே பார்த்துக்கொண்டார்.

செயற்கை நுண்ணறிவு உதவி பற்றியும் ஒரு முடிவு தேவைப்பட்டது. எங்கள் அலுவல் எடிட்டரில் அது எப்போதும் இயங்கும், பயிற்சியின் தலைப்பை அடித்தாலே முழு விடையும் சாம்பல் நிறத்தில் வந்து நிற்கும். பயிற்சி எழுதும்போது அதை அணைத்து வைப்பது, டெஸ்ட் தேறிய பிறகு திறந்து 'இதை வேறு எப்படி எழுதலாம்' என்று கேட்பது என்று வைத்துக்கொண்டோம். டீமில் சிலர் இது பழமைவாதம் என்றார்கள். வேலையில் பயன்படுத்தப்போகும் கருவியைப் பயிற்சியில் ஏன் தவிர்ப்பது என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் அவருக்கு மங்கியிருந்தது கையும் பிழை தேடும் பழக்கமும், அந்தக் கருவி முதலில் பிடுங்கிக்கொள்வதும் அவற்றைத்தான். வேறு ஒருவருக்கு வேறு முடிவு சரியாக இருக்கலாம்.

பிறர் தீர்வைப் படிப்பதில் ஒரு வேடிக்கை நடந்தது. பைனரி தேடல் (வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடுவது) பயிற்சியை முடித்துவிட்டு மற்றவர்கள் எழுதியதைப் பார்த்தபோது, நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்கச் சிலர் கீழ்-மேல் எல்லைகளைக் கூட்டி இரண்டால் வகுக்காமல், வித்தியாசத்தைப் பாதியாக்கிக் கீழ் எல்லையோடு கூட்டியிருந்தார்கள். ஏன் இந்தச் சுற்றுவழி என்று கேட்டார். கூட்டுத்தொகை முழு எண்ணின் எல்லையைத் தாண்டினால் எதிர்மறையாகிவிடும், அதற்காகத்தான். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இந்தப் பிழை வருடக்கணக்காக இருந்ததை, அந்த நூலக நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் எழுதினார். நூறு கோடிக்கும் மேல் உறுப்புகள் உள்ள அர்ரேயில்தான் (வரிசைப் பட்டியல்) அது வெளிப்படும் என்பதால் எந்த டெஸ்டிலும் சிக்கவில்லை. டெஸ்ட் பச்சை என்றால் வேலை முடிந்தது என்று பொருளில்லை என்பதை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் நம்பியது இதைக் கேட்ட பிறகுதான்.

இரண்டாம் கட்டம்: எழுதியதற்கே திரும்பி வருவது

சின்னப் பயிற்சிகளின் பெரிய குறை, முடித்ததும் மறந்துவிடலாம் என்பது. உண்மையான வேலையில் போன மாதம் எழுதியதை இந்த மாதம் மாற்ற வேண்டும். இதற்குப் பொருந்தியது அட்வென்ட் ஆஃப் கோடின் 2019 வருடம். அதில் இன்ட்கோட் என்ற கற்பனைக் கணினியை நாம் கட்ட வேண்டும். நிரல் என்பது முழு எண்களின் வரிசை, 1 வந்தால் கூட்டு, 2 வந்தால் பெருக்கு, 99 வந்தால் நில். இரண்டாம் நாள் இவ்வளவுதான். ஐந்தாம் நாள் உள்ளீடு, வெளியீடு, தாவல், ஒப்பீடு எல்லாம் சேரும். ஏழாம் நாள் அதே கணினியின் ஐந்து பிரதிகளைத் தொடராக இணைக்க வேண்டும். ஒன்பதாம் நாள் பெரிய எண்களும் கூடுதல் நினைவகமும் வரும். அதற்குப் பிறகும் அந்தக் கணினி விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கும்.

அவர் இரண்டாம் நாளை ஒரே மெத்தடில், ஸ்டாட்டிக் மாறிகளை வைத்து எழுதினார். ஐந்தாம் நாள் அந்த மெத்தட் நீண்டது, இருந்தாலும் தாக்குப்பிடித்தது. நான் எதுவும் சொல்லவில்லை. ஏழாம் நாளின் இரண்டாம் பகுதியில் ஐந்தாவது கணினியின் வெளியீடு முதலாவதற்குத் திரும்பிப் போகிறது. ஒவ்வொன்றும் பாதியில் நின்று, உள்ளீடு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். ஸ்டாட்டிக் மாறிகள் ஐந்துக்கும் பொதுவாக இருந்ததால் ஒன்றின் நிலையை இன்னொன்று அழித்தது.

இரண்டு நாள் அதை ஒட்டுப்போட்டுப் பார்த்தார். அப்புறம் முழுவதையும் தனி கிளாஸாக (பொருள்களை வார்க்கும் அச்சு), ஒவ்வொரு பிரதிக்கும் சொந்த நினைவகமும் சொந்த நிலையும் இருக்கும்படி மாற்றி எழுதினார். பழைய நாள்களின் விடைகளையே டெஸ்டாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓட்டினார். யாரும் சொல்லாமல் அவர் எழுதிய முதல் டெஸ்டுகள் அவை. ஒன்பதாம் நாளில் 'இன்ட்' எல்லாவற்றையும் 'லாங்' ஆக்க வேண்டி வந்தபோது அதை ஒரே அமர்வில் முடித்துவிட்டார்.

பிறர் நிரலைத் திருத்த கில்டட் ரோஸ் பயிற்சியை எடுத்தோம். ஒரு கடையின் சரக்குத் தரத்தைக் கணக்கிடும், வேண்டுமென்றே சிக்கலாக எழுதப்பட்ட நிரல் அது. புதிய சரக்கு வகை ஒன்றைச் சேர்க்க வேண்டும், 'ஐட்டம்' கிளாஸைத் தொடக் கூடாது. முதலில் டெஸ்ட் எழுதினார், எல்லாம் பச்சை. நிரலை வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்தாலும் பச்சை! எடிட்டர் காட்டிய பரிந்துரையில் பழைய ஜேயூனிட் 4-இன் டெஸ்ட் குறியைத் தேர்ந்திருக்கிறார், புராஜெக்ட் ஓடியதோ ஐந்தாம் பதிப்பில். அவர் எழுதிய டெஸ்ட் ஒன்றுகூட ஓடவில்லை. அறிக்கையில் ஓடியவை 0 என்றுதான் இருந்தது, நிறம் மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது. குறிப்பேட்டில் இன்னொரு வரி சேர்ந்தது: புது டெஸ்ட் எழுதினால் முதலில் அது தோற்பதைப் பார்க்க வேண்டும்.

விளைவு

மூன்று மாதம் முடியும் தறுவாயில் அவருக்கு முதல் உண்மையான வேலை கொடுத்தோம். பழைய தொகுதி ஒன்றில், மாத இறுதி அறிக்கை சில நேரங்களில் தவறான மாதத்தைக் காட்டியது. டீமில் இளையவர் ஒருவர் அதோடு ஏற்கெனவே மல்லுக்கட்டியிருந்தார். இவர் நிரலைத் திறந்து கொஞ்ச நேரத்தில் இடத்தைக் காட்டினார். காலண்டர் வகையில் ஜனவரி என்பது 0, புதிய நூலகத்தில் 1, இரண்டும் சந்திக்கும் ஓர் இடத்தில் ஒன்றைக் கூட்ட விட்டிருந்தார்கள். பத்து வருடப் பழைய அறிவு அன்றைக்குக் கைகொடுத்தது. தொகுதி முழுவதையும் புதிய நூலகத்துக்கு மாற்றி, டெஸ்டோடு அனுப்பினார்.

கோட் ரிவ்யூவில் (எழுதியதைச் சக டெவலப்பர்கள் பார்ப்பது) வந்த கருத்துகளில் பெரும்பாலானவை நடை சார்ந்தவை. ஒன்று மட்டும் கனமானது. லாம்டாவுக்குள் லாம்டா வைத்து, ஸ்ட்ரீமை யாரும் படிக்க முடியாதபடி நீட்டியிருந்தார். சாதாரண லூப்பே போதும் என்று சொல்லி மாற்ற வைத்தோம். புதிதாகக் கற்றதை எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்கும் ஆசை, கொஞ்ச நாளில் அடங்கிவிடும்.

தேறாதவையும் உண்டு. கிட்டில் இரண்டு கிளைகள் (நிரலின் தனித்தனியாக வளரும் பிரதிகள்) மோதிக்கொண்டால் இன்னும் தடுமாறுகிறார். நிரலைக் கட்டும் முறையைச் சொல்லும் பில்ட் கோப்பில் ஏதாவது உடைந்தால் உதவி கேட்கிறார். பல திரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் செயல் இழைகள்) சேர்ந்து இயங்கும் நிரலைத் தனியாக மாற்றும் தைரியம் அவருக்கு வரவில்லை. எங்கள் பயிற்சிகள் எதுவும் அந்தப் பக்கம் போகாததால் இதில் வியப்பில்லை. தொடக்கத்தில் அவரை வீழ்த்திய டைனமிக் புரோகிராமிங்கும் அவருக்கு இன்னும் வராது, எங்கள் வேலையில் அதற்கு இதுவரை தேவையும் வரவில்லை.

அடுத்த முறை மாற்றப்போவது

பிழை திருத்தும் பயிற்சிகளை முதல் வாரத்திலேயே கொண்டுவர வேண்டும். முதல் பிற்பகலிலேயே அந்தக் குறை தெரிந்தும், வெற்றுக் கோப்பில் எழுதும் பயிற்சிகளே ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டன. எக்ஸர்சிசத்தை இரண்டு மூன்று வாரத்தில் நிறுத்திவிட்டு இன்ட்கோட் போன்ற தொடர் புதிருக்கு மாறியிருக்கலாம். அதிகப் பலன் கொடுத்தது அதுதான்.

ஒவ்வொரு பயிற்சிக்கும் தனிக் கிளை, புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கும்படி கேட்பது), ஒருவரின் ரிவ்யூ என்று முதல் நாளிலிருந்தே வைத்தால் கிட் தானாகப் பழகும். நாங்கள் பயிற்சிகளை ஒரே கிளையில் குவித்தோம், கிளைகள் மோதும் சந்தர்ப்பமே அவருக்கு வரவில்லை. வெற்றுக் கோப்பில் மறுபடி எழுதுவதை நான்காவது வாரத்தில் கண்டுபிடித்துச் சேர்க்காமல் திட்டத்திலேயே எழுதி வைக்கலாம், ஆனால் எல்லாப் பயிற்சிக்கும் வேண்டாம். ஸ்ட்ரீம், தேதி, கோப்பு படிப்பது ஆகிய மூன்றுக்கு மட்டும் போதும்.

திரெட் பக்கத்துக்கு எக்ஸர்சிசத்திலேயே வங்கிக் கணக்குப் பயிற்சி ஒன்று இருக்கிறது. ஒரே கணக்கில் பல திரெட்கள் ஒரே நேரத்தில் பணம் போட்டு எடுத்தாலும் இருப்பு சரியாக வர வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் விடும் பூட்டு இல்லாமல் முதலில் எழுதி, இருப்பு ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வருவதைப் பார்த்துவிட்டு, அப்புறம் சரிசெய்யச் சொல்லலாம் என்று யோசித்திருக்கிறோம். அவர் அதை இந்த வாரம் எடுக்கிறார்.